தெருவில் காற்றுத் தரப் பலகையை எங்கே நிறுத்துவது? மதுரைக் குடியிருப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

காற்றைப் பற்றிப் பேசாத தெரு மதுரையில் இல்லை. காளவாசல் சிக்னலில் காத்திருக்கும் பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறார். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மூடிய மண் காயத் தொடங்கியதும், கடைக்காரர் நாளுக்கு இரண்டு முறை வாசலில் தண்ணீர் தெளிக்கிறார். அவனியாபுரத்து வெள்ளக்கல் குப்பைக் கிடங்கு புகைந்தால், சுற்றியுள்ள வீடுகளில் சன்னல்கள் அடைபடுகின்றன. இவர்கள் எல்லோரும் காற்றைக் கண்ணாலும் மூக்காலும் தினமும் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். காற்றுத் தரப் பலகை அவர்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு எண்ணால் விடை சொல்லும் கருவி. ஆகவே பலகை எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது, வசதியான மின்கம்பம் எங்கே இருக்கிறது என்று தேடித் தொடங்கக் கூடாது. அந்த இடத்தில் யார் எதைக் கேட்கிறார்கள், விடை தெரிந்தால் அவர்களால் எதை மாற்றிக்கொள்ள முடியும் என்று தொடங்க வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கங்கள், வார்டு குழு உறுப்பினர்கள், பள்ளிகள், மாநகராட்சிப் பொறியாளர்கள் ஆகியோருக்காக எழுதப்படும் இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியையே சுற்றி வருகிறது.

எண் என்ன சொல்கிறது

பலகையை விரும்புவோர் முதலில் அதில் வரப்போகும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தியாவின் தேசியக் காற்றுத் தரக் குறியீடு 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. பி.எம். 10, பி.எம். 2.5 என்னும் இரு அளவு நுண்துகள்களோடு நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம் எனப் பிறவற்றையும் சேர்த்து எட்டு மாசுகளை அது கணக்கில் கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனியே ஒரு மதிப்பெண் கணக்கிட்டு, அவற்றுள் எது மிக மோசமோ அதையே அந்த இடத்தின் குறியீடாக அறிவிக்கிறது. 50 வரை நன்று, 100 வரை திருப்தி, 200 வரை மிதமான மாசு, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. இவற்றுக்குரிய நிறங்கள் கரும்பச்சை, இளம்பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு என்று வரிசையாக அமைந்துள்ளன.

இதில் இரண்டு இடங்களில் மக்கள் குழம்புவார்கள். அதை முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். முதலாவது, கைப்பேசிச் செயலிகள் பல அமெரிக்க அளவுகோலைப் பின்பற்றுகின்றன. ஒரு கனமீட்டர் காற்றில் 75 மைக்ரோகிராம் பி.எம். 2.5 இருந்தால் நம் நாட்டுக் கணக்கில் குறியீடு சுமார் 150, நிறம் மஞ்சள்; அதே காற்று அமெரிக்கக் கணக்கில் 160-ஐத் தாண்டிச் சிவப்பாகிவிடும். கைப்பேசி சிவப்பையும் பலகை மஞ்சளையும் காட்டினால், பலகை பொய் சொல்கிறது என்றே தெரு முடிவு கட்டும். எந்த அளவுகோல் என்பதைப் பலகையின் அடியில் ஒரு வரியாக எழுதிவிட வேண்டும். இரண்டாவது, நுண்துகளுக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரி. தீபாவளி அதிகாலையில் தெரு முழுதும் வெடிப்புகை சூழ்ந்திருக்கும்போது, 24 மணி நேரச் சராசரி முந்தைய நாளின் நல்ல காற்றையும் சேர்த்துக்கொண்டு சாந்தமாக நிற்கும்; மறுநாள் புகை கலைந்த பிறகு ஏறியிருக்கும். ஆகவே கடந்த ஒரு மணி நேர அளவு, கடந்த ஒரு நாள் அளவு என இரண்டையும் பெயரிட்டுத் தனித்தனியே காட்டும் பலகையைக் கேட்டுப் பெறுங்கள். நொடிக்கு நொடி மாறும் எண்ணைக் காட்டும் பலகை வேண்டாம். ஒரு பேருந்து கடந்ததும் ஏறி இறங்கும் எண்ணை எவரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள்.

ஊருக்கு ஏற்கெனவே என்ன அளவீடு இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019 சனவரியில் தொடங்கியது; அதன் கீழ் வரும் நகரங்களுள் மதுரையும் ஒன்று. தேசியக் காற்றுத் தரக் கண்காணிப்புத் திட்டத்தின் கைமுறை நிலையங்கள் வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் என்ற கணக்கில் காற்றை வடிகட்டித் தாளில் பிடித்து எடைபோடுகின்றன. ஆண்டுக்கு ஆண்டு நிலைமை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அந்த அளவு மிக நம்பகமானது. ஆனால் இன்று மாலை பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு அது உதவாது. அதற்குத் தொடர்ந்து அளக்கும் கருவி வேண்டும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதுரை அலுவலகத்துக்கு எழுதி உங்கள் பகுதிக்கு அருகிலுள்ள நிலையத்தின் பழைய அளவுகளைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

கருவி ஓரிடம், பலகை ஓரிடம்

இந்த வேலையில் மிகுதியாக நேரும் பிழை, அளக்கும் கருவியையும் காட்டும் பலகையையும் ஒரே கம்பத்தில் கட்டிவிடுவது. இரண்டுக்கும் தேவை வேறு. கருவிக்கு அந்தப் பகுதி முழுவதற்கும் பொதுவான காற்று வேண்டும். பலகைக்கு மனிதர்களின் பார்வை வேண்டும். பரோட்டாக் கல்லுக்குப் பத்தடி தள்ளி வைத்த கருவி இரவு ஏழு மணிக்குமேல் அந்தக் கல்லின் புகையைத்தான் அளக்கும், தெருவை அளக்காது. சந்துக்குள் இரு மதில்களுக்கிடையில் வைத்தாலும், மரக்கிளைக்குள் புதைத்தாலும், ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு நேரே வைத்தாலும் இதே கதைதான். தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில், குறைந்தது மூன்று பக்கமாவது காற்று தடையின்றி வந்து போகும் இடத்தில் கருவி இருக்க வேண்டும். பள்ளி, படிப்பகம், வார்டு அலுவலகம் போன்ற ஒற்றை மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி விளிம்பு இதற்குப் பெரும்பாலும் பொருந்தும். அங்கிருந்து எண் இணைய வழியாகப் பலகைக்கு வந்துசேரும். இரண்டுக்கும் இடையே சில நூறு மீட்டர் இருந்தாலும் குற்றமில்லை. ஆனால் ‘இந்த அளவு இன்ன கட்டடத்தின் மாடியில் எடுக்கப்படுகிறது’ என்று பலகையில் எழுதியிருக்க வேண்டும்.

ஒளிச்சிதறலைக் கொண்டு துகளை எண்ணும் மலிவான லேசர் கருவிகளைத்தான் குடியிருப்புகள் வாங்க முடிகிறது. அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. அவற்றின் குணம் தெரிந்து பயன்படுத்த வேண்டும். ஐப்பசி அடைமழைக் காலத்து விடியலில் ஈரம் ஏறிய காற்றில் துகள்கள் நீர் குடித்துப் பருத்திருக்கும். கருவி அவற்றைப் பெரிய மாசாக எண்ணி, மழை கழுவிய காற்றையும் மோசம் என்று சொல்லிவிடும். ஆடியில் நேர்மாறு. மேல்காற்று தெரு மண்ணை வாரிக் கண்ணில் இறைக்கும் நாளில், அந்தப் பெரிய மண்துகள்களை இவ்வகைக் கருவி சரியாகப் பிடிப்பதில்லை என்பதால், பலகை பச்சையாகவே நிற்கக்கூடும். கண்ணைக் கசக்கிக்கொண்டே பச்சைப் பலகையைப் பார்ப்பவர் அதன்பின் அதை நம்பமாட்டார். எனவே நிறுவுவதற்கு முன் தரமான தானியங்கி நிலையம் ஒன்றின் அருகே சில வாரம் வைத்து ஒப்பிட்டு, ஈரப்பதத்துக்குரிய திருத்தத்தைச் சேர்த்துத் தருமாறு விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். இதற்கு மறுப்பவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

யாரைக் கேட்பது, எப்போது கேட்பது

வேலைநாளில் முற்பகல் பதினொரு மணிக்கு மண்டபத்தில் கூட்டம் போட்டால் ஓய்வு பெற்றவர்களும் சங்கப் பொறுப்பாளர்களும் வருவார்கள். அவர்கள் வருவது நல்லதே. ஆனால் தெருக்காற்றை அதிகம் சுவாசிப்பவர்கள் வேறு ஆட்கள். விடியுமுன் தூசியைக் கூட்டும் தூய்மைப் பணியாளர், சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், ஆட்டோ நிறுத்தத்து ஓட்டுநர், நடைபாதையில் பூக்கட்டும் பெண், அங்கன்வாடிக்குப் பிள்ளையைத் தூக்கிவரும் தாய், ஆஸ்துமாவோடு அரசு இராசாசி மருத்துவமனைக்குப் பேருந்து மாறிப் போகும் பெரியவர் ஆகியோரிடம் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் கேட்க வேண்டும். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் விடிகாலை, ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் வண்டி மாற்றும் நேரம், நியாயவிலைக் கடை வரிசை, மகளிர் குழுவின் வாரக் கூட்டம், பள்ளி விடும் மணி ஆகியவையே கேட்பதற்குரிய வேளைகள்.

கேட்கும் கேள்வியும் முக்கியம். ‘பலகை எங்கே வைக்கலாம்?’ என்று கேட்டால், ‘முக்கில் வைங்க’ என்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். கீழ்க்கண்ட மூன்றைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நாளில் எந்த நேரம், எந்த இடத்தில் உங்களுக்கு மூச்சு முட்டுகிறது? காற்று மோசம் என்று முன்பே தெரிந்தால் அன்றைக்கு எதை மாற்றிச் செய்வீர்கள்? அந்த முடிவை எடுக்கும் நேரத்தில் நீங்கள் எங்கே நிற்பீர்கள்? மூன்றாம் கேள்விக்கு வரும் விடைதான் பலகைக்குரிய இடம். பெரிய சந்திப்பின் நடுவே பலகை வைக்கும் வழக்கத்தை நான் ஏற்காததற்குக் காரணமும் இதுதான். கோரிப்பாளையத்தில் சிக்னலுக்கு நிற்கும் இருசக்கர வாகனக்காரர் சிவப்பைக் கண்டு அங்கே என்ன செய்துவிட முடியும்? அதே எண் காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் தெரிந்தால், உடற்கல்வி ஆசிரியர் விளையாட்டு வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்ற முடியும். பூங்கா வாயிலில் தெரிந்தால் நடைப்பயிற்சிக்கு வந்தவர் ஓடாமல் நடப்பார், அல்லது திரும்பிப் போவார். மருத்துவமனைப் பேருந்து நிறுத்தத்தில் தெரிந்தால் இருமல் உள்ளவர் முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொள்வார்.

இப்படிக் கேட்டதை எழுதி வையுங்கள். பெயர் வேண்டாம்; தொழில், நேரம், இடம், சொன்ன சொல் போதும். அறுபது எழுபது பேரிடம் கேட்டுவிட்டால் அதே சில இடங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்.

சேர்ந்து நடப்பது

அடுத்த வேலை நடை. பகுதியின் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, கேட்டவர்களுள் எட்டுப் பத்துப் பேரோடு விடிகாலை ஒரு முறையும் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு முறையும் நடக்க வேண்டும். புகை, தூசி எங்கிருந்து எழுகின்றன என்பதைச் சிவப்பு மையால் குறியுங்கள்: குப்பை கொளுத்தும் மூலை, மூடப்படாத மணற்குவியல், தோண்டி மூடிய சாலை, பேருந்து இயந்திரத்தை நிறுத்தாமல் நிற்கும் இடம். மக்கள் நின்று காத்திருக்கும் இடங்களை நீல மையால் குறியுங்கள். பெரும்பாலும் கருவிக்குரிய இடம் சிவப்புக்கு மிக நெருங்காமலும் மிக விலகாமலும் அமையும்; பலகைக்குரிய இடம் நீலத்தில் அமையும். பருவத்தையும் கவனியுங்கள். மார்கழி விடியலில் காற்று அசையாமல் குளிர்ந்து கிடக்கும். இரவில் எரித்த குப்பையின் புகை தரையோடு படிந்து நிற்கும். வாசலில் கோலமிடுவோரும் பள்ளிக்குச் சீக்கிரம் போகும் பிள்ளைகளும் அந்தப் புகைக்குள்தான் இருப்பார்கள். ஒரே பருவத்தில் நடந்துவிட்டு முடிவு கட்டிவிட வேண்டாம்.

தூசி அதிகமாக இருக்கும் தெருக்களில் குரல் ஓங்கியவர்கள் குறைவு என்பதை இந்த நடை காட்டிவிடும். கே.கே. நகரிலோ அண்ணா நகரிலோ சங்கம் ஒரு மனு எழுதினால் அது அலுவலக மேசையை எட்டிவிடும். குப்பைக் கிடங்கின் காற்று வீசும் திசையில், அல்லது தொழிற்கூடங்களுக்கு நடுவே குடியிருப்பவர்களுக்கு மனு எழுத நேரமும் இருக்காது. நான்கு பலகைக்குப் பணம் இருந்தால், குறைந்தது இரண்டு பலகைகள் அவர்கள் பக்கம் போக வேண்டும் என்பதை இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே விதியாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எழுதினால் சண்டையாகிவிடும்.

கரும்பலகைச் சோதனை

எல்.இ.டி. பலகைக்குக் கம்பம் நட்டுக் கான்கிரீட் போட்டபின் இடம் தவறென்று தெரிந்தால் மாற்றுவது பெரும்பாடு. அதற்கு முன் கரும்பலகையில் சோதித்துப் பாருங்கள். நம் தெருக்களுக்குக் கரும்பலகை புதிதல்ல. படிப்பக வாசலில் குறளும் செய்தியும் எழுதிவைத்த பழக்கம் நம்முடையது. தேர்ந்தெடுத்த மூன்று நான்கு இடங்களில் கரும்பலகை மாட்டி, கையடக்கக் கருவியின் அளவைக் காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் நிறச் சுண்ணக்கட்டியால் எழுதுங்கள். பள்ளி மாணவர்கள் முறைவைத்து எழுதினால் அவர்கள் வீடுகளுக்கும் செய்தி போகும். இதை மூன்று வாரம் செய்யுங்கள். யார் நின்று படிக்கிறார்கள், யார் கேள்வி கேட்கிறார்கள், எந்தப் பலகையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை அருகிலுள்ள தேநீர்க் கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் உங்களுக்குச் சொல்வார்கள். எந்த ஆய்வுப் படிவமும் தராத விவரம் அது. எழுத்தளவையும் அப்போதே சோதிக்கலாம்: 10 செ.மீ. உயர எழுத்தைப் பன்னிரண்டு மீட்டர் தொலைவிலிருந்து எளிதாகப் படிக்க முடியும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவரை நிறுத்திப் படிக்கச் சொல்வதே உறுதியான கணக்கு.

வெயில், தேர், கம்பம்

மதுரை வெயிலில் பலகையின் முகம் எந்தத் திசை பார்க்கிறது என்பது சிறிய விஷயமல்ல. கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த பலகையில், மக்கள் அதிகம் நடமாடும் காலையிலும் மாலையிலும், தாழ்ந்த வெயில் நேரே விழுந்து எண்ணை அழித்துவிடும். வடக்கு, தெற்கு பார்த்தவை மேல். நம் ஊரில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முற்பகுதி வரை உச்சிவெயில் வடபக்கமாகச் சாய்ந்து விழும் என்றாலும், சூரியன் உயரத்தில் இருப்பதால் ஓரடி நீளத் தகரக் கூரை அதைத் தடுத்துவிடும். இந்தக் காரணத்தால், சாலையில் எதிரே வருவோரைப் பார்க்கும்படி மாட்டுவதானால், தென்வடலாக ஓடும் கீழ மாசி, மேல மாசி வீதிகள் கிழக்கு மேற்காக ஓடும் வடக்கு, தெற்கு மாசி வீதிகளைவிடப் பொருத்தமானவை. பகலில் ஒளி கூடி இரவில் தானே மங்கும் அமைப்பும் கட்டாயம் வேண்டும். இல்லையேல் எதிர்வீட்டுப் படுக்கையறையில் இரவெல்லாம் மஞ்சள் வெளிச்சம் விழும். முதல் புகார் அங்கிருந்துதான் வரும்.

மாசி வீதிகளில் இன்னொன்றையும் எண்ண வேண்டும். சித்திரைத் திருவிழாவில் தேர் இந்த நான்கு வீதிகளையும் சுற்றி வருகிறது. சாலைக்குள் கை நீட்டும் எந்தக் கம்பமும் அங்கே நிற்க முடியாது. தேர் திரும்பும் முனைகளில் சுவரோடு ஒட்டிய பலகைகூட இடைஞ்சலாகலாம். கோயில் நிர்வாகத்தையும் தேர் இழுப்பவர்களையும் வரைபடத்தோடு பார்த்துப் பேசிவிட்டு, கழற்றி மாட்டும் பலகையாகச் செய்யுங்கள். தல்லாகுளம், கோரிப்பாளையம் வழியில் அழகர் வரும் நாள்களில் கூட்டம் கம்பத்தில் ஏறி நிற்கும் என்பதால் அடித்தளம் உறுதியாக வேண்டும். திருவிழாப் பந்தலும் வரவேற்பு வளைவும் பலகையை மறைக்காத உயரத்தையும் பார்க்க வேண்டும். திருமலை நாயக்கர் மகால் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் பக்கம் என்றால் தொல்லியல் துறையின் இசைவு தேவை. மற்றபடி அந்தச் சாலை மாநகராட்சிக்கு உரியதா நெடுஞ்சாலைத் துறைக்கு உரியதா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, உரியவரிடம் அனுமதியும், மின்வாரியத்திடம் இணைப்பும், போக்குவரத்துக் காவல் துறையிடம் பார்வை மறையாது என்ற சான்றும் பெற வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்தால் பல துறைகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள்; ஏற்புச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

எதிர்ப்பு வரும்போது

கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள். வாசலில் ‘மோசம்’ என்று சிவப்பாக எரிந்தால் வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார் என்ற அச்சம் அவர்களுக்கு. வீட்டு உரிமையாளருக்கு வாடகை குறையுமோ என்ற அச்சம். இவை நியாயமான கவலைகள். அறியாமை என்று தள்ளிவிட்டால் பலகையின் கம்பி ஒரு நாள் இரவில் அறுந்து கிடக்கும். இதற்குச் சில வழிகள் உண்டு. ஒரு தெருவை மட்டும் தனித்து நிறுத்தாமல், அக்கம்பக்கத்து இரண்டு மூன்று பகுதிகளில் ஒரே நாளில் திறக்கலாம். ஒவ்வொரு பலகையும் தன் அளவோடு மற்ற இடங்களின் அளவையும் காட்டலாம். கடை வாசலைவிட்டுப் பேருந்து நிறுத்தம், பள்ளிச் சுவர், பூங்கா வேலி போன்ற பொது இடங்களில் வைக்கலாம். யாருடைய வீட்டு வாசலையோ கடை முகப்பையோ மறைப்பதானால் அவருடைய எழுத்து இசைவு இல்லாமல் வைக்கக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் உள்ள நடைபாதை வணிகர் பிரதிநிதிகளை முதல் நடையிலேயே சேர்த்துக்கொண்டால், கம்பத்துக்காகத் தங்கள் இடம் பறிபோகும் என்ற ஐயம் எழாது.

பலகையில் எவருடைய படமும் பெயரும் வேண்டாம், விளம்பரமும் வேண்டாம். விளம்பர வருவாயில் பலகை பராமரிக்கலாம் என்ற யோசனை கவர்ச்சியாக வரும். சில மாதத்தில் விளம்பரம் பெரிதாகி எண் மூலைக்குப் போய்விடும்.

எழுத வேண்டியவை

பெரிய எண் ஒன்று, அதற்குரிய சொல் ஒன்று, நிறம், செய்ய வேண்டியது ஒரு வரி. பச்சையையும் சிவப்பையும் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு என்பதால் நிறம் மட்டும் போதாது. படிக்கத் தெரியாதவர்கள் உண்டு என்பதால் சொல் மட்டும் போதாது. முகபாவப் படம் ஒன்றும் சேர்க்கலாம். அறிவுரை வரியைப் பகுதி மக்களே எழுதட்டும். ‘உணர்திறன் மிக்க குழுவினர் நீடித்த வெளிப்பாட்டைத் தவிர்க்கவும்’ என்ற வரியை யாரும் படிக்கப் போவதில்லை; ‘இளைப்பு உள்ளவர்கள், சிறு பிள்ளைகள் இன்று வெளியில் ஓட வேண்டாம்’ என்பது புரியும். அளவு எடுத்த நேரம், கருவி இருக்கும் இடம், பழுது சொல்ல வேண்டிய தொலைபேசி எண் ஆகிய மூன்றும் அடியில் இருக்க வேண்டும்.

பச்சை வந்தால் நல்லதென்று நின்றுவிடாமல் இருக்க ஓர் ஒப்பீடும் எழுதலாம். நம் நாட்டுத் தரம் பி.எம். 2.5-க்கு 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டு அளவு 15. இரண்டுக்கும் உள்ள தொலைவை மக்கள் அறிந்திருப்பது அவர்கள் உரிமை.

சிவப்பு வந்தால் யார் என்ன செய்வது

இதைப் பலகை திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஒன்றும் நடக்காமல் நாள்தோறும் மோசம் என்று எரியும் பலகை, சிறிது காலத்தில் மக்களைக் கவலையற்றவர்களாக்கிவிடும். அகமதாபாத் மாநகராட்சி 2017-இல் காற்றுத் தரத் தகவலையும் அதற்கேற்ற நடவடிக்கைத் திட்டத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. பலகை எண்ணைக் காட்டினால் அடுத்து எந்த அலுவலர் யாருக்குச் சொல்வது என்பதும் அதில் வகுக்கப்பட்டது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், வார்டு குழுவிலும் பகுதி சபைக் கூட்டத்திலும் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். எண் 200-ஐத் தாண்டினால் தோண்டிய சாலைகளில் அன்றே தண்ணீர் தெளிக்க வேண்டும். கட்டுமானப் பொருளை மூடாத ஒப்பந்ததாரருக்கு அறிவிப்பு போக வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்கு முகக்கவசம் தருவதோடு, உலர் கூட்டலை நிறுத்தி ஈரப்படுத்திக் கூட்ட வேண்டும். பள்ளிகள் வெளிவிளையாட்டை ஒத்திவைக்க வேண்டும். குப்பை எரிப்பது எண் எதுவானாலும் குற்றம். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த அலுவலர் பொறுப்பு என்பதைப் பதவிப் பெயரோடு தீர்மானத்தில் எழுதி, அதன் சுருக்கத்தைப் பலகைக்குக் கீழே தகரத்தில் எழுதி மாட்டுங்கள்.

பராமரிப்பு

இருண்ட பலகை இல்லாத பலகையைவிட மோசமானது. கருவியின் காற்று நுழையும் வழியைத் தூசி அடைக்கும். சிலந்தி கூடு கட்டும். பல்லி உள்ளே புகுந்து முட்டையிடும். மாதம் ஒரு முறை திறந்து தூரிகையால் துடைக்க ஓர் ஆள் வேண்டும். அது மாடிக்கு ஏறிப் போகக்கூடிய, அந்தத் தெருவிலேயே வசிக்கும் ஆளாக இருந்தால்தான் நடக்கும். லேசர் கருவியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் அந்தச் செலவையும், சிம் கட்டணத்தையும், மின்கட்டணத்தையும் முதல் மதிப்பீட்டிலேயே சேருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை தரமான நிலையத்தோடு மறுபடி ஒப்பிட வேண்டும். கருவி பழுதானால் பழைய எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ‘பழுது’ என்ற சொல்லும் பழுதான தேதியும் தோன்றும்படி நிரலில் அமைக்கச் சொல்லுங்கள். அருகில் நட்ட புங்கையும் வேம்பும் இரண்டு மழைக்குள் வளர்ந்து பலகையை மறைக்கும். மரத்தை வெட்ட வேண்டாம், பலகையை நகர்த்துங்கள்.

அதனால்தான் ஓராண்டு முடியும்வரை எந்த இடத்தையும் நிலையான இடம் என்று அறிவிக்காதீர்கள். ஓர் ஆடி, ஓர் ஐப்பசி, ஒரு மார்கழி, ஒரு சித்திரைத் திருவிழா கடந்தபின் முதல் நடைக்கு வந்த அதே எட்டுப் பத்துப் பேரை மறுபடி அழையுங்கள். அதே வரைபடத்தில் மூன்றாவது நிறத்தால் குறிக்கச் சொல்லுங்கள்: பலகையைப் பார்த்து இந்த ஆண்டு யார் எதை மாற்றிக்கொண்டார்கள், எந்த இடத்தில். குறி விழாத பலகையைக் கழற்றி, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய் மாட்டுங்கள்.